நடுவில் ஒரு குமிழ்

2024 ஆகஸ்டில் எல்ல பக்கம் போய் வந்தேன். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். எழுத உட்கார இவ்வளவு காலம் பிடித்துவிட்டது. சுற்றுலாக் கட்டுரை என்று எண்ணி வாசிக்கத் தொடங்குபவர்கள் மன்னிக்க வேண்டும். இது ஒரு பிஸ்கட் டின்னையும் அதற்குள் இருந்த ஒரு சிறு தடையியையும் பற்றிய கதை.

எங்கள் தோட்டம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் இருக்கிறது. வெளிநாட்டார் இன்று வரிசையில் நின்று படம் எடுக்கும் ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டுக்குரியது. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அது ஒரு குறுக்கு வழி, அவ்வளவுதான். இருப்புப் பாதையில் காதை வைத்துப் பார்த்துவிட்டு ஓடிக் கடப்போம். எல்ல கடைவீதியில் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய கடைகளே இருந்தன. இப்போது வீதியின் இருபுறமும் உணவகங்கள். மாலையானால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு.

அப்படி ஓர் உணவகத்தின் மாடியில் என் சிநேகிதனின் மகன் கிட்டார் வாசித்துப் பாடுகிறான் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். பையன் நன்றாகப் பாடினான். சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு, யாரோ கேட்டதற்காகத் தமிழில் ஒன்று. ஆனால் கிட்டார் ஒலி சரியில்லை. தகரத்தில் அரிசி கொட்டுவதுபோல ஒரு சலசலப்பு. தந்தி அதிர்வது கேட்டது; மரம் அதிர்வது கேட்கவில்லை.

இடைவேளையில் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, சத்தத்தக் கவனிச்சீங்களா? பேஸைக் கூட்டினா கை படுற சத்தந்தான் வருது. ட்ரெபிளைக் கூட்டினா இரைச்சல். என்ன செய்றதுன்னே தெரியல."

அவன் காட்டிய மிக்சரில் ஒவ்வொரு வழிக்கும் இரண்டே குமிழ்கள் இருந்தன. ஒன்றின் கீழே 80 ஹெர்ட்ஸ் என்றும் மற்றதன் கீழே 12 கிலோ ஹெர்ட்ஸ் என்றும் அச்சிட்டிருந்தது. கிட்டாரின் ஆகத் தடித்த தந்தி, திறந்த நிலையில், ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆக மெல்லிய தந்தி 330 ஹெர்ட்ஸில். அதே மெல்லிய தந்தியை ஐந்தாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் 440. அதாவது கிட்டாரும் மனிதக் குரலும் குடியிருக்கும் வீடு முழுவதும் அந்த இரண்டு குமிழ்களுக்கும் நடுவே இருக்கிறது. ஒரு குமிழ் வாசலைத் தொடுகிறது. மற்றது கூரைக்கு மேலே வானத்தைத் தொடுகிறது. வீட்டுக்குள் கைவைக்க வழியில்லை.

மிக்சரைக் குறை சொல்லவில்லை. பேஸ், ட்ரெபிள் என்ற இந்த இரட்டைக் குமிழ்கள் பெரும்பாலும் பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1952இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் வெளியிட்ட சுற்றின் வழிவந்தவை. ஏற்கெனவே பதிவாகி முடிந்த இசையை அறையில் இருந்து கேட்பவருக்கு அது போதும். ஓரங்களைச் சற்றுத் தட்டிச் சீராக்கிக்கொள்ளலாம். இசை பிறக்கும் இடத்தில், ஒற்றைக் கிட்டாருக்கு, அது போதாது.

இவ்வளவும் ஒரு கலைப்பட்டதாரிப் பத்திரிகைக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முப்பத்துநான்கு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

பையனிடம், "உங்க அப்பாக்கிட்ட ஒரு பிஸ்கட் டின் இருந்திச்சே, இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

"அந்தத் துருப்பிடிச்ச டின்னா? அட்டல்ல கெடக்கு மாமா."

1990 பங்குனி. தெற்கின் கிளர்ச்சியும் அதை அடக்கிய கொடூரமும் ஓய்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. 1987 முதல் 1989 வரை ஊவாவில் இரவு என்பது வீட்டுக்குள் இருக்கும் நேரம். எரியும் டயர்களையும் ஆற்றில் மிதந்தவற்றையும் பற்றிப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். பல்கலைக்கழகங்கள் மூடிக்கிடந்தன, உயர்தரம் முடித்துவிட்டு நான் தோட்டத்தில் சும்மா இருந்தேன். அப்படிப்பட்ட காலத்துக்குப் பின்னர், இரவு நிகழ்ச்சிகளோடு மாரியம்மன் திருவிழாவை நடத்துவது என்று கோயில் கமிட்டி தீர்மானித்தது. மூன்று நாள் திருவிழா.

என் சிநேகிதனுக்கு அப்போது இருபது வயது. அவனுடைய அப்பா தோட்டத்தின் தப்பு வாத்தியார். தப்பு அடிப்பவரின் மகன் தப்புத்தான் அடிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். சாவு வீட்டுக்கும் திருவிழாவுக்கும் கூப்பிடுவார்கள், வாசலோடு நிறுத்திவிடுவார்கள். அந்தத் தோலைத் தொட மாட்டேன் என்று அவன் பதினான்கு வயதிலேயே சொல்லிவிட்டான். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போன ஒரு குடும்பம் விட்டுச்சென்ற கிட்டார் அவனிடம் இருந்தது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நிற்பதற்குச் சற்று முன்னர் போனவர்கள் அவர்கள். ஏ. ஈ. மனோகரனின் பொப்பிசைப் பாடல்களை வானொலியில் கேட்டுக் கேட்டே அதில் கை பழகினான். அப்பாவும் மகனும் ஒரே காம்பராவில் படுத்து எழும்பினாலும் வாத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை.

கிட்டாரின் துளையில் பொருத்தும் காந்தப் பிக்கப் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்திருந்தான். அதன் மெல்லிய சமிக்ஞையைப் பெரிய அம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு ப்ரீஆம்ப் வேண்டும். பண்டாரவளையில் வானொலி திருத்தும் ஒரு பாஸ் இருந்தார். கைவினைஞரை இங்கே பாஸ் என்பது வழக்கம், சிங்களவர், தோட்டத்து வாடிக்கையாளரோடு பேசிப் பேசி நல்ல தமிழ் பழகியவர். பழைய சஞ்சிகை ஒன்றில் இருந்த அமெரிக்கக் கிட்டார் பெருக்கியின் படத்தைப் பார்த்து, வால்வுகளுக்குப் பதிலாக எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர்களைப் போட்டு, ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும்படி ஒரு ப்ரீஆம்ப் செய்து கொடுத்தார். பெட்டி, பிஸ்கட் டின். லயத்தில் மின்சாரம் இல்லாத எங்களுக்குப் பேட்டரியில் ஓடும் பெட்டி வரப்பிரசாதம். பேஸ் ஒரு குமிழ், ட்ரெபிள் ஒரு குமிழ், வொலியூம் ஒரு குமிழ்.

லயத்து இஸ்தோப்பில் வைத்துச் சிறிய ஸ்பீக்கரில் வாசித்தபோது அது தேனாக இனித்தது. கீழே ஆழம், மேலே மணியோசை. எல்லோரும் கூடி நின்று கேட்டார்கள்.

திருவிழாவின் முதல் இரவு மானம் போய்விட்டது. ஜெனரேட்டர் ஓடியது. சவுக்கு மரத்தில் கட்டியிருந்த இரண்டு ஹார்ன்களிலும் பாடகனின் குரல் கேட்டது, கீபோர்ட் கேட்டது. தப்பு கேட்டது, அதற்கு ஹார்ன் தேவையே இல்லை. கிட்டார் மட்டும் கேட்கவில்லை. என் சிநேகிதன் வொலியூமை ஏற்றினான், ஹார்ன் ஊளையிட்டது. இறக்கினான், காணாமல் போனது. பத்து விரலும் ஓட, சத்தமே வராமல் நிற்கும் ஒருவனைப் பார்த்து முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பா தப்பைத் தீயில் காய்ச்சிக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"ஓம் பொட்டி ஊமைடா. தப்புக்கு முன்னால நிக்காது."

மறுநாள் விடிந்ததும் இருவரும் பண்டாரவளைக்குப் பஸ் ஏறினோம். பாஸ் கடை திறக்கும் வரை வாசலில் காத்திருந்தோம்.

நடந்ததைக் கேட்டுவிட்டு, "தனியா வாசிங்க" என்றார். வாசித்தான். நன்றாகவே இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீ அந்த டின்னில தட்டு. ஒரு கையில கரண்டி, ஒரு கையில குச்சி" என்றார். நான் தட்டினேன். கிட்டார் கரைந்துபோனது.

"பார்த்தீங்களா. தனியா இருந்தா நல்லா இருக்கும். கூட்டத்துல காணாமப் போகும்."

அன்றைக்கு அவர் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் வரைந்து காட்டியதைத்தான் இன்றுவரை நான் ஒலியியலில் கற்ற முழுப் பாடமாகக் கருதுகிறேன். பின்னாளில் நூல்களில் படித்தபோது அவர் சொன்னதில் பிழை எதையும் காணவில்லை.

அந்தப் பெட்டியிலிருந்த தொனிச் சுற்றில் மூன்று கொள்ளளவிகள்: 250 பிக்கோ ஃபரட், 0.1 மைக்ரோ ஃபரட், 0.047 மைக்ரோ ஃபரட். சிறிய கொள்ளளவி மேல் ஒலிகளை மட்டும் வழிவிடும். பெரியவை கீழ் ஒலிகளைக் கவனிக்கும். இடையில் ஒரு 100 கிலோ ஓம் தடையி. இந்தச் சுற்றுக்கு எதையும் கூட்டத் தெரியாது. கழிக்க மட்டுமே தெரியும். ட்ரெபிளைக் கூட்டுகிறோம் என்று நாம் நினைக்கும்போது உண்மையில் நடப்பது, ட்ரெபிளைக் குறைவாகக் கழிப்பது. இதே சுற்று மூன்று குமிழ்களோடு வரும் பெருக்கிகளில் மூன்றையும் பூச்சியத்துக்குத் திருப்பினால் ஒலி அநேகமாக அடங்கிவிடும். இரண்டு ஓரங்களையும் வழிவிட்டு, நடுவில், 400 - 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில், ஒரு குழி தோண்டுவது இதன் இயல்பு. குழியின் ஆழத்தைத் தீர்மானிப்பது அடியில், நிலத்தோடு இணைந்திருக்கும் ஒரு தடையி. மூன்று குமிழ்ப் பெருக்கியில் அந்த இடத்தில் 'மிடில்' என்ற குமிழ் இருக்கும். இரண்டு குமிழ்ப் பெருக்கியில், விலை குறைய வேண்டும் என்பதற்காக, குமிழை எடுத்துவிட்டு 6.8 கிலோ ஓம் தடையி ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுவார்கள்.

பாஸ் டின்னைத் திறந்து அதைக் காட்டினார். நீலம், சாம்பல், சிவப்பு என்று மூன்று கோடுகள் போட்ட, அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பொருள்.

"குழி பிழையில்ல தம்பி. அமெரிக்காவுல பளிச்சுன்னு தனியா வாசிக்கிற ஆளுக்கு அது அழகு. ஆனா ஒங்க கோயில்ல இருக்கிறது ஹார்ன். ஹார்ன்ல கீழயும் போகாது, மேலயும் போகாது. நடு மட்டுந்தான் போகும். இந்தப் பெட்டி நடுவத்தான் களவெடுக்குது. அப்ப என்ன மிச்சம்?"

தப்பைப் பற்றியும் அவரே சொன்னார். அதில் ஒரு கையில் தடித்த குட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய நீளச் சிம்பு. ஒன்று 'தும்' என்று கீழே இறங்கும். மற்றது 'சட்' என்று மேலே வெடிக்கும். கீழும் மேலும் தப்புக்குச் சொந்தம். அங்கே போய் அதனோடு மோதி எந்த வாத்தியமும் வெல்ல முடியாது. குரலும் கிட்டாரும் நிற்க வேண்டிய இடம் நடு. தப்பு தானாகவே விட்டுக்கொடுத்திருக்கும் இடம் அது. நாங்கள்தான் அந்த இடத்தைக் காலிசெய்துவிட்டு, அதன் வீட்டுக்குள் போய் இடித்துக்கொண்டிருந்தோம்.

நான் கேட்டேன்: "பாஸுன்னஹே, இந்த ரெசிஸ்டர இந்த எடத்துல யார் வெச்சது?"

அவர் சிரித்தார். "நான்தான். படத்துல இருந்திச்சு, வெச்சேன்."

சூட்டுக்கோலைத் தொட்டு ஈயத்தை இளக்கி, அந்தத் தடையியைக் கழற்றினார். ஏதோ ஒரு பழைய அம்ப்ளிஃபயரிலிருந்து எடுத்த 25 கிலோ ஓம் குமிழ் ஒன்றை அதற்குப் பதிலாக இரண்டு வயர்களால் இணைத்தார். டின்னில் துளையிட்டு, பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் நடுவே அதைப் பொருத்தினார். பிறகு, சிவப்புப் பெயின்டால் குமிழின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார், சுற்றில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலே.

"இதுதான் பழைய எடம். 6.8. இங்க இருந்தா நேத்து மாதிரி. இதுக்கு மேல போனா நடு நெரம்பும்."

வேலை முடிய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. காசு வாங்க மறுத்துவிட்டார். தன் கைப்பிழைக்குத் தானே கூலி வாங்கக் கூடாது என்றார்.

அன்றிரவு கிட்டார் கேட்டது. இனிமையாகக் கேட்டது என்று சொல்ல மாட்டேன். இஸ்தோப்பில் கேட்ட தேன் இல்லை. சற்று மூக்கடைத்த, முரட்டுத்தனமான, ஆனால் மனிதர் பேசுவது போன்ற ஒலி. தப்புக்கும் அதற்கும் சண்டை இல்லை. தப்பு விட்ட இடைவெளியில் அது நின்றது. என் சிநேகிதன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். அவனுடைய அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பாட்டு முடிந்ததும் தன் ஆட்களைப் பார்த்து, "தப்ப இன்னொருக்கா காய்ச்சுங்கடா" என்றார். தோல் சூடேறினால் சுருதி ஏறும். மகனின் கிட்டாருக்குப் பக்கத்தில் நிற்கத் தன் தப்பைத் தயார் செய்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் விளங்கியது. மூன்றாம் நாள் இரவு இருவரும் ஒரே பாட்டுக்கு வாசித்தார்கள். எனக்குத் தெரிய, அவர்கள் சேர்ந்து வாசித்தது அந்த ஒரு திருவிழாவில் மட்டுந்தான். அடுத்த வருடம் அவன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குப் போய்விட்டான். நான் பேராதனைக்குப் போய்விட்டேன்.

பாஸ் செய்ததை உலகின் பெரிய பெயர்களும் செய்திருக்கின்றன. லியோ ஃபென்டர் 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் வானொலி திருத்தும் கடை திறந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். வாசிப்பவர்களின் காதை நம்பியே தன் பெருக்கிகளைத் திருத்திக்கொண்டு போனார். லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1960களின் தொடக்கத்தில், ஃபென்டரின் 'பாஸ்மேன்' பெருக்கியை முன்மாதிரியாக வைத்து, அங்கே கிடைத்த பாகங்களைக் கொண்டு சொந்தமாகப் பெருக்கி செய்தார்கள். முதலில் தொனிச் சுற்றை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பின்னர் 56 கிலோ ஓம் இருந்த இடத்தில் 33 கிலோ ஓம், 250 பிக்கோ ஃபரட் இருந்த இடத்தில் 500 என்று மாற்றினார்கள். நடு எழும்பி வந்தது. ராக் இசையின் முரட்டுக் குரல் என்று உலகம் அறிந்ததில் அந்தச் சில்லறை மாற்றத்துக்கும் பங்குண்டு. படத்தில் இருந்ததை அப்படியே வைப்பது ஒரு கட்டம். நம் ஊரில், நம் கூட்டத்தில், நம் ஹார்னில் அது எப்படிக் கேட்கிறது என்று பார்த்து மாற்றுவது அடுத்த கட்டம். பண்டாரவளைக் கடையில் இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு இரவுதான் கழிந்திருந்தது.

எனக்கு அந்த இரண்டாம் கட்டத்துக்கு வர மிக நீண்ட காலம் பிடித்தது.

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்த மலை அது. நான் அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் இருந்தேன். ஊவாவிலிருந்து எழுதும் எங்கள் நிருபர் இரவு எட்டரை மணிக்கு நீண்ட கட்டுரை ஒன்றை அனுப்பினார். மரணங்கள் எத்தனை என்ற கணக்கு அதில் இருந்தது. அந்தக் கணக்கோ அடுத்த பல நாட்களுக்கு மாறிக்கொண்டே இருந்தது. அரசியல்வாதிகளின் அனுதாபங்களும் வாக்குறுதிகளும் இருந்தன. இவை இரண்டுக்கும் நடுவே, முந்திய நாள் வரை அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தப்பியவர்களிடம் கேட்டு எழுதிய பத்துப் பன்னிரண்டு பந்திகள் இருந்தன. யார் எந்தக் காம்பராவில், எந்தக் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தது, ஏன் எச்சரிக்கைக்குப் பிறகும் போகவில்லை, போவதற்கு எங்கே இடம் இருந்தது.

பக்கத்தில் 350 சொற்களுக்கு இடம். நான் நடுவை வெட்டினேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கீழே சாவு, மேலே அறிக்கை. செய்தி கச்சிதமாக இருந்தது. தனியாக வாசித்தால் நன்றாகவே இருந்தது.

மறுநாள் நிருபர் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. "நடுப்பகுதி முழுக்கப் போச்சே அண்ணே" என்றார். இடமில்லை என்று சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அமைச்சர்களின் அனுதாபத்துக்கு இடம் இருந்தது.

மலையகத்திலிருந்து கொழும்புக்கு வரும் செய்திகளை யோசித்துப் பாருங்கள். சம்பளப் போராட்டம், மண்சரிவு, குளவிக்கொட்டு, தேர்தல். ஒன்றில் அடிவயிற்று ஓலம், அல்லது மேடைக் கூச்சல். இரண்டுக்கும் இடைப்பட்ட வாழ்வு, அதாவது மனிதர்கள் உண்மையில் குடியிருக்கும் பகுதி, வழியில் எங்கோ கழிந்துவிடுகிறது. அதைக் கழிப்பவர்கள் எல்லோரும் அயலவர்கள் அல்லர். லயத்தில் பிறந்த நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மேசையில் இருந்தேன். படத்தில் இருந்தது, வைத்தேன்.

எல்லவில் அன்றிரவு பையனிடம் டின்னைப் பற்றிக் கேட்டபோது இதுவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. மறுநாள் காலை அந்த நிருபருக்கு அழைப்பெடுத்தேன். பத்து வருடத்துக்கு முந்திய கட்டுரையின் முழுப்பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். அவருடைய பழைய கணினி எப்போதோ பழுதாகிவிட்டதாம். என்னிடமும் இல்லை. வெட்டியது வெட்டியதுதான். பாஸ் அன்றைக்கே ஒன்று சொல்லியிருந்தார்: முன்னால் கழித்துவிட்டால், பின்னால் எவ்வளவு பெருக்கினாலும் திரும்ப வருவது இரைச்சல்தான்.

டின்னை அட்டலிலிருந்து இறக்கினோம். பேட்டரி கக்கிய உப்பு வயர்களைத் தின்றிருந்தது. குமிழ்கள் திருப்ப முடியாமல் இறுகியிருந்தன. சிவப்புப் புள்ளி மங்கியிருந்தாலும் அழியவில்லை. பண்டாரவளையில் பாஸின் கடை இருந்த இடத்தில் இப்போது வேறு வியாபாரம். அவர் காலமாகிப் பல ஆண்டுகள். கைத்தொலைபேசி திருத்தும் ஓர் இளைஞன் ஆர்வத்தோடு டின்னைத் திறந்து பார்த்தான். காய்ந்துபோன இரண்டு எலெக்ட்ரோலிட்டிக் கொள்ளளவிகளை மாற்றினான். குமிழ்களுக்கு மருந்தடித்துச் சுழற்றிச் சுத்தம் செய்தான். தொனிச் சுற்றின் கொள்ளளவிகள் மூன்றும் நன்றாகவே இருந்தன.

பையனின் பிரச்சினைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவனுடைய கிட்டாரில் ஒட்டியிருந்தது மலிவான பியசோ. அத்தகைய ஒன்றின் கொள்ளளவு சுமார் ஒரு நானோ ஃபரட் என்று வைத்துக்கொள்வோம். மிக்சரின் 10 கிலோ ஓம் நுழைவாயிலில் நேரே செருகினால், 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலி தேய்ந்துகொண்டே போகும். நுழைவாயில் ஒரு மெகா ஓமாக இருந்தால் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். பாஸின் எஃப்.இ.டி. வாயில் ஒரு மெகா ஓம். காந்தப் பிக்கப்புக்காக அவர் செய்த பெட்டி, அவர் அறியாத ஒரு பிள்ளையின் பியசோவுக்கும் பொருந்தியது.

அன்று மாலை சிநேகிதனின் வீட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தோம். லொறி ஓட்டி ஓட்டி அவனுடைய இடது கை விரல்கள் இப்போது சரியாக மடங்குவதில்லை. அவன் கிட்டாரைத் தொட்டு நான் பார்த்து வெகுகாலம். மகன் செருகினான், வாசித்தான். முதலில் நடுக் குமிழ் கீழே இருந்தது, தகரத்துச் சலசலப்பு. மெல்லத் திருப்பினான். புள்ளியைத் தாண்டியதும் மரம் பேச ஆரம்பித்தது. பையன் வாசிப்பதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் அவருடைய அப்பாவின் தப்பு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்பா, இது என்ன செவப்புப் புள்ளி?"

"அது பழைய எடம்" என்றான் என் சிநேகிதன். "அதுக்குக் கீழ எறங்காத."